நிபா செய்தி வரும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? கொங்குப் பகுதிக்கான விளக்கம்

கேரளத்தில் ஒருவருக்கு நிபா உறுதியானால், அன்று பொழுது சாய்வதற்குள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று செய்திகள் சுற்றத் தொடங்கிவிடும். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இறந்துவிடுவார்கள் என்று ஒன்று. ஐந்நூறு பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று இன்னொன்று. பழம் சாப்பிடாதீர்கள், கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விளக்கமில்லாமல் வருவதால், அவற்றைப் படிப்பவர் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, கவனிக்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுகிறார்.

கோவையிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர்தான். பாலக்காட்டுக்காரர்கள் சிகிச்சைக்குக் கோவைக்கு வருகிறார்கள். பிள்ளைகள் இங்கே கல்லூரியில் படிக்கிறார்கள். காய்கறி, முட்டை, கால்நடை என்று லாரிகள் இரவு பகலாக வாளையாறு வழியே போய்வருகின்றன. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா உறுதியானது. எனவே இந்தச் செய்தி இனியும் வரும். வரும்போது எப்படிப் படிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நிபா: சுருக்கமான அறிமுகம்

நிபா ஒரு வைரஸ். 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் மலேசியாவின் பன்றிப் பண்ணைப் பகுதிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே வைரஸுக்கும் வந்தது. அங்கே 265 பேர் வரை பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 2001 முதல் வங்கதேசத்தில் அடிக்கடி தலைகாட்டுகிறது. இந்தியாவில் முதலில் வந்தது 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில். பிறகு 2007இல் நாதியா மாவட்டத்தில். கேரளத்தில் 2018 தொடங்கி 2019, 2021, 2023, 2024, 2025 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இதன் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். இலுப்பை, ஆல், அரச மரங்களில் தலைகீழாகக் கூட்டம் கூட்டமாகத் தொங்குமே, அந்தப் பெரிய வௌவால்தான். வைரஸ் அதன் உடம்பில் இருந்தாலும் அதற்கு நோய் வருவதில்லை. எச்சில், சிறுநீர் வழியே அவ்வப்போது வெளியேறுகிறது. அது பட்ட பொருளிலிருந்தோ, இடையில் ஒரு விலங்கின் வழியாகவோ மனிதருக்கு வருகிறது. அதன்பின் ஒரு நோயாளியிடமிருந்து, நெருங்கிப் பணிவிடை செய்பவருக்குத் தொற்றலாம்.

தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியும்வரை உள்ள இடைவெளியை நோய் அரும்பும் காலம் என்பார்கள். நிபாவுக்கு இது பெரும்பாலும் 4 முதல் 14 நாள். முதலில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி. பிறகு சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும், சிலருக்கு மூளைக்காய்ச்சலும் வரும். பேச்சு குழறும், நினைவு தடுமாறும், வலிப்பு வரும். இதற்கென்று அனுமதி பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இன்னும் இல்லை. மூச்சு, இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்து உடம்பைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

நோயின் கடுமை ஒன்று, பரவும் வேகம் இன்னொன்று

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஒரு தொற்றுநோயைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

1. நோய் வந்தவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள்? இது இறப்பு விகிதம்.
2. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார்? இது பரவல் எண்.

உலக சுகாதார நிறுவனம் நிபாவின் இறப்பு விகிதத்தை 40 முதல் 75 சதவீதம் என்று சொல்கிறது. மிகக் கொடிய நோய். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எண் நோய் வந்தவர்களைப் பற்றியது. நமக்கு நோய் வருமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது பரவல் எண்.

பரவல் எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். கீழே இருந்தால் தானாகத் தேயும். கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இன்று 16 நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரவல் எண் 2 என்றால் அடுத்த சுற்றில் 32, பிறகு 64, 128, 256. பரவல் எண் அரை என்றால் 8, பிறகு 4, 2, 1. மொத்தமே 31 பேரோடு நின்றுவிடும். இரண்டிலும் தொடக்கம் ஒரே 16தான்.

தொடக்ககாலக் கொரோனாவின் பரவல் எண் 2 முதல் 3 வரை. தட்டம்மைக்கு 12 முதல் 18. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரையான நிபா நோயாளிகளைக் கூர்ந்து பார்த்த ஆய்வில் கிடைத்த எண் ஏறத்தாழ 0.33. அதாவது மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குத்தான் தொற்ற வைத்திருக்கிறார்கள். நிபா இத்தனை முறை வந்தும் ஒரு முறைகூட நாடு முழுக்கப் பரவாததற்குக் காரணம் இதுதான்.

வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, நிபாவைவிடக் கொடியது. ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதில்லை என்பதால் ஊரை மூடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நாய் கடித்ததும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். தட்டம்மை நேர்மாறு. வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள், ஆனால் தடுப்பூசி போடாத ஒரு வகுப்பறையையே சுருட்டிவிடும்.

பரவல் எண் ஒரு சராசரி என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நிபாவில் பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் தொற்ற வைப்பதில்லை. கடுமையாக இருமும் நிலையில், சரியான பாதுகாப்பில்லாத இடத்தில் கிடக்கும் ஒருவர் பலருக்குத் தொற்ற வைத்துவிடுகிறார். கோழிக்கோட்டில் 2018இல் நடந்தது அதுதான்.

கோழிக்கோடு, மே 2018

பேராம்பிரா அருகே ஒரு இளைஞர் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு இறந்தார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது; பரிசோதனையும் நடக்கவில்லை. அதே குடும்பத்தில் அடுத்தவர் நோயுற்ற பிறகே மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரி அனுப்பினார்கள். இடைப்பட்ட நாட்களில் முதலில் இறந்த இளைஞரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், அதே வார்டிலும் வராந்தாவிலும் இருந்தவர்களுக்கும் தொற்றிவிட்டது. பேராம்பிராவில் பணிவிடை செய்த செவிலியர் லினி அந்த மாதமே உயிரிழந்தார்.

ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர், அவர்களில் இறந்தவர்கள் 16 பேர். பரிசோதிக்க வாய்ப்பில்லாமல் போனவர்களையும் சேர்த்துப் பிற்பாடு போட்ட கணக்கில் 23 பேர், 21 மரணம். பெரும்பாலோருக்குத் தொற்றிய இடம் மருத்துவமனை. சந்தையிலோ பேருந்திலோ சும்மா கடந்துபோனவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து 2023இல் அதே கோழிக்கோட்டில் வந்தபோது நோயாளிகள் 6, மரணம் 2. வைரஸ் இளகிவிட்டதால் அப்படி ஆகவில்லை. மூளைக்காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வருபவர்களிடம் நிபாவையும் தேட வேண்டும் என்று மருத்துவர்கள் பழகியிருந்தார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், முகக்கவசமும் கையுறையும் பழக்கத்துக்கு வந்திருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள நமக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது. ஊர்க் கதவை அடைப்பதைவிட, காய்ச்சல் வார்டில் ஒழுங்கான பாதுகாப்பும் கூட்டக் கட்டுப்பாடும் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. உள்நோயாளி ஒருவரைப் பார்க்க உறவினர்கள் வேன் பிடித்து மொத்தமாகப் போகும் நம் வழக்கத்தை நிபா காலத்திலாவது நிறுத்திவைக்க வேண்டும். ஒருவர் போனால் போதும்.

செய்தியில் வரும் சொற்கள்

1. தொடர்புப் பட்டியல். "ஐந்நூறு பேர் பட்டியலில்" என்றால் ஐந்நூறு பேருக்கு நோய் என்று பொருளில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில், ஒரே வார்டில், ஒரே வண்டியில் இருந்தவர்கள் என்று தேடித் தேடிச் சேர்த்த பெயர்கள் அவை. 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். நோயாளிகள் 6 பேர். பட்டியல் நீளமாக இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்றே கொள்ளலாம். குட்டையான பட்டியல்தான் என்னைக் கவலைப்பட வைக்கும்.

2. சந்தேக நோயாளி, உறுதியான நோயாளி. அறிகுறியையும் தொடர்பையும் வைத்து முதலில் சந்தேகம். தொண்டைச் சளி, சிறுநீர், இரத்தம், தேவைப்பட்டால் தண்டுவட நீர் எடுத்து ஆர்டி-பிசிஆர் செய்வார்கள். உள்ளூர் ஆய்வகத்தில் பாசிட்டிவ் வந்தாலும் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்யும்வரை காத்திருக்கிறார்கள். இந்த வைரஸை உயிரோடு கையாளத் தேவையான உச்சநிலைப் பாதுகாப்பு ஆய்வகம் அங்கே இருக்கிறது.

3. ஏன் எல்லோருக்கும் பரிசோதனை செய்வதில்லை? ஒரு பேச்சுக்கு, நோயே இல்லாத ஆயிரம் பேருக்குச் சோதனை செய்வதாகவும், அந்தச் சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று வரும். அந்தப் பத்துக் குடும்பங்களும் அவர்களின் தெருவும் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அறிகுறியும் தொடர்பும் உள்ளவரைச் சோதித்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு. சீக்கிரமே எடுத்த மாதிரியில் நெகட்டிவ் வந்துவிட்டால் அதையும் முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அறிகுறி இருந்தால் மறுபடி எடுப்பார்கள்.

4. இருபத்தொரு நாள், நாற்பத்திரண்டு நாள். நெருங்கிப் பழகியவர்களை 21 நாள் கண்காணிக்கிறார்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள், அதாவது அதன் இரு மடங்கு, புதிதாக யாருக்கும் வராவிட்டால் பரவல் முடிந்ததாக அறிவிக்கிறார்கள். செய்தி ஒரு வாரத்தில் மறைந்துவிடும்; கண்காணிப்பு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

எது நடந்தால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்

மரண எண்ணிக்கையைவிடக் கீழ்க்கண்டவற்றைத் தேடிப் படியுங்கள்.

1. ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இடங்களில் ஒரே வாரத்தில் நோயாளிகள் கிளம்புவது.
2. பணிவிடை செய்தவருக்கு வந்து, அவரிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து மேலும் ஒருவருக்கு என்று சங்கிலி நீள்வது.
3. நோயாளியின் அருகிலேயே போகாதவர்களுக்கு வருவது.
4. அறிகுறி தோன்றுமுன்பே ஒருவர் பிறருக்குத் தொற்ற வைத்தார் என்று உறுதியாவது.

நான்காவது மிக முக்கியம். கொரோனா நம்மை மிஞ்சியதற்குக் காரணம் அதுதான். ஒரு தும்மல்கூட வராதவர் ஊரெல்லாம் தொற்ற வைத்தார். நிபாவில் அப்படி நடந்ததற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. நோய் முற்றும்போதுதான் வைரஸ் அதிகமாக வெளியேறுகிறது. அந்த நிலையில் நோயாளி கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்; கடைவீதியில் நடமாட மாட்டார்.

வாளையாற்றில் காய்ச்சல் பார்ப்பதால் என்ன பயன்?

வாளையாறு, வேலந்தாவளம், ஆனைகட்டி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லைச் சாவடிகளில் சுகாதாரத் துறையினர் நின்று நெற்றியில் கருவி காட்டுவதைப் பார்க்கிறோம். அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பேருந்துப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோய் அரும்பும் காலமோ 4 முதல் 14 நாள். நேற்றுத் தொற்றியவர் இன்று சாவடியைச் சாதாரண உடல்வெப்பத்தோடு தாண்டிவிடுவார். பாராசிட்டமால் போட்டவருக்கும் கருவி ஒன்றும் காட்டாது. காய்ச்சல் காட்டுபவர்களிலோ பெரும்பாலோருக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருக்கும்.

அதனால் வீண் வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. நோயுற்ற நிலையில் ஆம்புலன்சில் கோவைக்கு வருபவரை முன்கூட்டியே அறிந்து சேரும் மருத்துவமனைக்குச் சொல்லிவிடலாம். பயணம் செய்தவர் பின்னால் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வார். ஆனால் சாவடி இருக்கிறது, நமக்கு வராது என்ற நம்பிக்கையும் வேண்டாம். சாவடியில் ஒருவரை இறக்கிவிட்டார்களாம், ஊருக்குள் நோய் வந்துவிட்டது என்ற பதற்றமும் வேண்டாம்.

பழம், தெளுவு, கிணறு, பட்டி

பழம். கடையில் வாங்கும் முழுப்பழத்தைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம். தோப்பில் வௌவால் கடித்துப் போட்ட கொய்யா, மா, சப்போட்டாவைத்தான் தொடக் கூடாது. கடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்பது பரவலான பழக்கம். அதை விட்டுவிட வேண்டும். எச்சில் சாற்றோடு உள்ளே பரவியிருக்கும். வெப்பத்தையும் புளிப்பையும் பொறுத்துச் சில மணி நேரம் முதல் சில நாள்வரை வைரஸ் பழத்தில் தாக்குப்பிடிக்கும். விழுந்த பழம் பொறுக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். பொறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிப் பொறுக்கி, புதைத்துவிட்டு, கையைச் சோப்பில் கழுவலாம். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைத்துவிடும்.

தெளுவு, அதாவது பதநீர். வங்கதேசத்தில் நிபா மனிதருக்கு வந்த முக்கிய வழி, ஈச்ச மரத்தில் இரவெல்லாம் வடிந்த பச்சைச் சாற்றை விடியலில் அப்படியே குடிப்பது. இரவில் வௌவால் வந்து மரத்தில் சீவிய இடத்தை நக்கும், சாறு வடியும் பானையான முட்டியில் சிறுநீர் கழிக்கும். கேரளத்தில் இந்த வழி நிரூபிக்கப்படவில்லை. நம் பக்கத்தில் பனந்தெளுவும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நீராவும் இறக்குகிறோம். இரவில் திறந்த முட்டி தொங்கினால் அதே வாய்ப்பு இருக்கிறது. முட்டியில் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்கத்தான். அது கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். சரியான தடுப்பு, பாளையையும் முட்டியின் வாயையும் சேர்த்து மூடிக் கட்டுவது. வங்கதேசத்தில் மூங்கில் தட்டியைப் பாவாடைபோல் சுற்றிக் கட்டி இதைச் செய்து பார்த்தார்கள். வௌவால் அண்டுவது வெகுவாகக் குறைந்தது. தட்டியை முட்டிக்கு மட்டும் கட்டிப் பாளையின் வெட்டுவாயைத் திறந்து விட்டால் பயனில்லை. வௌவால் நக்குவதே அங்கேதான். காய்ச்சிய கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் இந்தக் கவலை எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் கொதித்ததில் எந்த வைரஸும் மிஞ்சாது.

கிணறு. 2018இல் முதலில் நோயுற்ற குடும்பத்துக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. அதிலிருந்து கிளம்பியதுதான் கிணற்றுத் தண்ணீர்ப் பயம். பிடித்துச் சோதித்தபோது அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள், நிபா இல்லை. பின்னர் அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களில்தான் வைரஸ் கிடைத்தது. நம் தோட்டத்துக் கிணறுகளின் பொந்துகளில் அடைவதும் பெரும்பாலும் சிறு வௌவால்களே. எந்த நோயை முன்னிட்டும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது, அவ்வளவே.

பட்டி. மலேசியாவில் பன்றிப்பட்டியை ஒட்டியே மாந்தோப்பு இருந்தது. வௌவால் தின்ற பழம் பட்டிக்குள் விழுந்தது, பன்றிக்கு வந்தது, பன்றி இருமியதில் வேலையாட்களுக்கு வந்தது. நாமக்கல், ஈரோடு பக்கம் வெண்பன்றி வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துப் பட்டி போட வேண்டும். கொட்டகைக்கு மேல் கிளை நீட்டும் பழமரம் கூடாது, ஓரங்களில் வலை வேண்டும், விழுந்த பழத்தைத் தீவனமாகக் கொட்டக் கூடாது. பல பன்றிகள் ஒரே நேரத்தில் பலமாக இருமினாலோ, கால் இழுத்தாலோ, திடீரென இறந்தாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வௌவால் அடையும் மரத்தை வெட்டுவது, வெடி போட்டு விரட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் தடுத்து நிறுத்துங்கள். மிரண்டு அலையும் வௌவால் உடம்பு நலிந்து வைரஸை அதிகமாக வெளியேற்றக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். கூட்டம் கலைந்து நான்கு ஊர்த் தோப்புகளில் போய் அமரும். மரத்தடியில் ஆடுமாடு கட்டாமலும், பிள்ளைகளை விளையாட விடாமலும் இருந்தால் போதும்.

நாமக்கல் பக்கம்: பறவைக் காய்ச்சல்

அதே இரண்டு கேள்விகளை முட்டை விஷயத்திலும் கேட்டால் விடை தெளிவாகும். எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் 2003 முதல் உலகம் முழுக்க மனிதர்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்திருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். கடுமை அதிகம். ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவியதில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயுற்ற, செத்த பறவைகளைக் கையாண்டவர்கள்.

ஆலப்புழையில் வாத்து செத்தது என்ற செய்தி வந்தால் இங்கே முட்டை விலை இறங்குகிறது. கோழிக்கடையில் கூட்டம் குறைகிறது. உள்ளே வரை 70 டிகிரி செல்சியஸ் வெந்தால் வைரஸ் செத்துவிடும். நம் குழம்பும் வறுவலும் அதைத் தாண்டியே கொதிக்கின்றன. வேகாத ஆஃப்பாயிலைச் செய்தி அடங்கும்வரை தள்ளிவைக்கலாம். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம், தக்காளியை வெட்டுவதுதான் சமையலறையில் நடக்கும் தவறு. பலகையையும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஆபத்து பண்ணையில் வேலை செய்பவருக்குத்தான், பேச்சும் அவரைப் பற்றியே இருக்க வேண்டும். கொட்டகை வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைக்கிறார்கள்; எரு ஒட்டிய செருப்போடு நாலு பேர் இறங்கியதும் அந்தக் கிருமிநாசினி வீரியம் இழந்துவிடும். செருப்பை முதலில் சுரண்டிக் கழுவிவிட்டு இறங்க வேண்டும், கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு கொட்டகையில் வேலை பார்ப்பவர் அதே உடுப்போடு அடுத்த பண்ணைக்குப் போகக் கூடாது. தீவன லாரியின் சக்கரத்துக்கு மருந்து அடிப்பதும், காட்டுப்பறவை நுழையாமல் வலை கட்டுவதும் சேர்ந்தால்தான் காவல். வழக்கத்துக்கு மாறாகக் கோழிகள் மொத்தமாகச் செத்தால் வெறுங்கையால் எடுக்காமல், குழியில் தள்ளிவிடாமல், கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழித்து, பத்துக் கிலோமீட்டர்வரை கண்காணிப்பார்கள். விலை போய்விடுமே என்று மறைத்தால் பக்கத்துப் பண்ணைக்கும் சேர்த்து நட்டம்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால்

நிபா செய்தி ஓடும் வாரத்தில் கொங்குப் பகுதியில் காய்ச்சல் வரும் ஒருவருக்கு அது டெங்குவாகவோ, சாதாரண வைரஸ் காய்ச்சலாகவோ, உண்ணிக் காய்ச்சலாகவோ இருக்கத்தான் வாய்ப்பு மிக மிக அதிகம். பீதி செய்யும் பெரிய கேடு, இவற்றைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுவது.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்று மருத்துவர்கள் சொல்வது. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள், வேலி வெட்டுபவர்கள், புல் அறுப்பவர்களுக்கு எளிதில் வரும், மழைக்குப் பிறகான மாதங்களில் அதிகம். கடுமையான தலைவலி, காய்ச்சல், இரத்தத் தட்டணுக்கள் குறைதல் எல்லாம் இருப்பதால் டெங்கு என்று நினைத்துவிடுவார்கள். முற்றினால் மூச்சுத்திணறலும் மூளைக்காய்ச்சலும் வரும், அப்போது நிபாபோலவே தெரியும். ஆனால் இதற்கு மலிவான மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளினை மருத்துவர் தொடங்கிவிட்டால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கலாம். கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்புக் கயிறு படும் இடம் என்று மறைவில்தான் இருக்கும். கூச்சத்தால் பலர் காட்டுவதில்லை. காய்ச்சல்காரரை வீட்டிலேயே குளிக்கும்போது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் காற்றோட்டமான தனி அறை, பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அவருக்கு மூக்கோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்ட கவசமும், பேசும்போது கழற்றிய கவசமும் கணக்கில் சேராது. வாந்தி, சளி, இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய, கட்டிதட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. கரைசலை அன்றன்று கரைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

உடனே மருத்துவமனை போக வேண்டிய நிலை: காய்ச்சலோடு பேச்சு குழறல், குழப்பம், வலிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம். இதோடு கடந்த 21 நாளில் நிபா உறுதியான பகுதிக்குப் போய்வந்தவர், அங்கே மருத்துவமனையில் இருந்தவர், அல்லது மூளைக்காய்ச்சலில் இறந்த ஒருவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர் என்றால் முதலில் 104க்கு அழையுங்கள். வண்டிக்கு 108ஐக் கூப்பிடும்போதும் இதைச் சொல்லுங்கள். கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்க வேண்டாம். மருத்துவமனை வாசலிலேயே, சீட்டுப் போடும் முன், எங்கே போனீர்கள், எந்தத் தேதியில், யாரைப் பார்த்தீர்கள், காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்ற நான்கையும் சொல்லிவிட வேண்டும். தேதிகளை ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வையுங்கள். அவருக்குப் பேச முடியாமல் போனாலும் தாள் சொல்லும்.